மொட்டையன்பட்டியார் கரண்ட் அளந்த கதை

மொட்டையன்பட்டியில் புத்தியை எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்திருந்தார்கள். ஆளுக்கு எவ்வளவு வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்த ஊரிலேயே விவரமானவன் சன்னாசி. தான் ஒரு மடையன் என்பது அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அதுகூடத் தெரியாது.

அவனுடைய கத்தரித் தோட்டம் வாடிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, இறைக்கத்தான் வழியில்லை. கெஞ்சிக் கூத்தாடியதில் ஓர் இன்ஜினியர் வந்து, கிணற்றடியில் ஒரு சோலார் பலகையை நிறுத்தி, பக்கத்தில் மீட்டரையும் மாட்டினார்.

"உச்சி வெயில்ல முள் எங்க நிக்குதுன்னு பார்த்து வைங்க. அதுக்கேத்த மோட்டாரை நாளைக்குக் கொண்டாறேன். அளக்கும்போது உங்க நிழல் பலகையில விழக் கூடாது, விழுந்தா கரண்ட் குறைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உச்சிப்பொழுதில் சன்னாசி மீட்டரைப் பார்க்கக் குனிந்தான். அவன் தலை நிழல் பலகையில் விழுந்தது.

"ஐயய்யோ, நிழலு!" என்று அலறினாள் அவன் மனைவி மாயக்கா.

அவன் துள்ளி விலகினான். தம்பி பேயாண்டி குனிந்தான். அவனுக்கும் நிழல் இருந்தது. மூவரும் தள்ளி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நிழல் இல்லாத ஆளா ஒருத்தனைக் கூட்டியாருவோமாண்ணே?"

"நம்ம ஊர்ல எவன்டா அவ்வளவு வசதியா இருக்கான்?"

வாடிய கத்தரிச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான் சன்னாசி. திடீரென்று எழுந்தான். "மேல மழை விழாம இருக்க என்ன செய்யறோம்? குடை பிடிக்கிறோம். நிழல் விழாம இருக்கவும் அதையே செஞ்சா என்ன?"

மாயக்கா சந்தையில் காய் விற்கும்போது விரிக்கிற பெரிய குடை வந்தது. பேயாண்டி அதைப் பலகைக்கு மேலே பிடித்தான். சன்னாசி தைரியமாகக் குனிந்தான். அவன் நிழலைப் பலகையில் எங்கே தேடியும் காணோம். முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

"நம்ம நிழல் விழலையே?" என்றான் சன்னாசி.

"பொட்டு நிழல்கூட விழலை மாமா."

"அப்ப இதுதான் சரியான கணக்கு."

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நம்ம புத்தியை நம்ப முடியாது என்று, இருட்டிய பிறகும் ஒருமுறை போய்ப் பார்த்தான். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் இன்ஜினியர் ரோட்டிலிருந்தபடியே, ஜீப்பை விட்டு இறங்காமல் கேட்டார். "எவ்வளவு காட்டுச்சு?"

"பூஜ்யங்க."

"பூஜ்யமா? பலகை கெட்டுப்போச்சா?"

"அப்படிச் சொல்லாதீங்கய்யா. மத்த ஊருப் பலகையெல்லாம் பொழுது சாஞ்சா கைவிட்டுரும். நம்மளுது பகல்ல குடுத்ததை, இருட்டின பிறகும் துளி குறையாமக் குடுத்துச்சு!"

இன்ஜினியர் ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு வாளியையும் கயிற்றையும் எடுத்து நீட்டினார். "பூஜ்யத்துக்கு ஏத்த மோட்டார் இதுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஒயரே இல்லாத மோட்டார்! சன்னாசிக்குத் தலைகால் புரியவில்லை. பேயாண்டி பலகைக்குக் குடை பிடிக்க, சன்னாசி இறைக்க, மாயக்கா வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். செடிகள் மெல்லத் தலை தூக்கின.

அப்போது ஒரு காற்று அடித்துக் குடை சாய்ந்தது. சன்னாசியின் நிழல் பலகையில் நீட்டி விழுந்தது. அவன் கயிற்றை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"என்ன மாமா, இறைக்காம உக்காந்துட்டீங்க?"

"நான் என்னடி செய்ய? கரண்ட் குறைஞ்சிருச்சே!"