கயிறு பிடித்த மச்சான்

மலையடிவாரத்தில் ஒரு மடம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஐம்பது அறுபது பேர் அங்கே வளர்ந்தார்கள். குரு காசிக்குக் கிளம்புவதாக இருந்தார். போனால் திரும்பி வருகிற வயதில்லை. இனி மடத்தை நீதான் நடத்த வேண்டும் என்று சீடன் சென்னியப்பனிடம் சொல்லிவிட்டார்.

சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நானாவது நடத்துறதாவதுங்க சாமி! நான் ஒரு தொடைநடுங்கி. ஒரு பிள்ளைக்குச் சுரம்னா எனக்குச் சோறு இறங்காது. மூத்த சீடர் மாரப்பண்ணன்கிட்டக் குடுங்க. தைரியம், பேச்சு, ஆள்கட்டு எல்லாம் அவருக்கு இருக்கு."

"தலைவனுக்கு அதெல்லாம்தான் வேணுமா?"

"வேற என்னங்க வேணும்? நீங்களே சொல்லுங்க."

"வா, தேன் எடுக்கிறதைப் பார்த்துட்டு வரலாம்."

கேட்டது என்ன, கூட்டிப்போவது எங்கே என்று சென்னியப்பன் முழித்தான். ஆனாலும் கூடவே நடந்தான். தேன் எடுப்பதைப் பார்க்க அவனுக்கு வெகுநாள் ஆசை.

மலைமேல் பாறை விளிம்பில் நாலைந்து பேர் நின்றார்கள். தேனடைகள் கீழே செங்குத்துப் பாறையில் தொங்கின. மாதன் என்பவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக இருந்தார். கயிற்றின் மறுமுனை மரத்தில். அதைப் பிடித்துக் காவல் நின்றவர் ஒரு நோஞ்சான். கை வேறு நடுங்கியது. முடிச்சை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார், நடுநடுவே மாதனைத் திட்டினார். பக்கத்தில் ஆஜானுபாகுவாக ஒருவன் சும்மா நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, அவ்வளவு பெரிய ஆளை விட்டுட்டு இவரையா நிறுத்தினீங்க?"

மாதன் சிரித்தார். "அவன் பலசாலிதான். ஆனா இவன் என் மச்சான். கயிறு போச்சுன்னா அழப்போறது இவன் தங்கச்சி. எங்க வழக்கம் இப்படித்தான்."

"இவர் பயந்து நடுங்குறாருங்களே?"

"பயப்படாதவனை நம்பி எப்படிங்க இறங்குறது?"

சொல்லிவிட்டு மாதன் இறங்கினார். அவர் தேனோடு ஏறி வரும்வரை மச்சான் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் குரு கேட்டார்.

"பிள்ளைக்குச் சுரம்னா மாரப்பனுக்குச் சோறு இறங்குமா?"

சென்னியப்பன் யோசித்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லாவே இறங்குமுங்க சாமி."

"அப்ப கயித்தை யார்கிட்டக் குடுக்கச் சொல்றே?"