குறைந்துபோன ஒன்பது

அந்தக் காலத்தில் மண்புழுவுக்கும் பேச்சு உண்டு. மேட்டுக்காட்டு மாசாணனின் நிலம் மூன்று வருஷமாக இறுகிக் கிடந்தது. இந்த மழைக்கும் விளையாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். மண்புழுக்களைக் குடிவைத்தால் நிலம் இளகும் என்று கேள்விப்பட்டு, இரண்டு நாள் நடந்து ஆற்றங்கரைக்குப் போனான்.

அத்தனை தூரம் வெயிலில் வர முடியாது, பிள்ளைகளை அனுப்புகிறேன் என்றது தாய்ப்புழு. அவன் குடத்தில் மட்கிய சாணமும் மண்ணும் நிறைத்து, கடுகளவு முட்டைக்கூடுகள் நூற்றை அதற்குள் வைக்கச் சொன்னது. வாயை ஈரத்துணியால் மூடச் சொன்னது.

மாசாணன் குடத்தைத் தூக்கிப் பார்த்தான். "இத்தனூண்டு முட்டைக்கு இவ்வளவு மண்ணா?"

"அது அதுங்க வீடு."

"வீடா, இல்ல கண்துடைப்பா?"

"பெண் பார்க்கப் போனப்பவும் பல்லைப் பிடிச்சுத்தான் பார்த்தியாய்யா?" என்று சிரித்தது புழு.

அந்தச் சிரிப்பே அவனை உறுத்தியது. முன்பின் தெரியாதவனிடம் எந்தத் தாய் சும்மா பிள்ளைகளைக் கொடுப்பாள்? மண்ணுக்குள் களைவிதை இருக்குமோ, கறையான் இருக்குமோ? யாரையும் நம்பாதவனுக்குத் தன் சந்தேகத்தின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. பாதி வழியில், ஒரு பாறைச் சரிவில் குடத்தைக் கவிழ்த்தான். மண்ணை விரலால் துழாவி, முட்டைக்கூடுகளை மட்டும் பொறுக்கி எண்ணினான். தொண்ணூற்றொன்று.

ஏமாற்றிவிட்டது என்று தீர்மானித்தான். மண்ணை அங்கேயே விட்டு, வெறுங்குடத்தில் முட்டைக்கூடுகளைப் போட்டுக்கொண்டு நடந்தான். வீடு சேர்வதற்குள் அவை காய்ந்து சுருங்கியிருந்தன. நிலத்தில் விதைத்தும் ஒன்றுகூடப் பொரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, சண்டை போடுவதற்காக ஆற்றங்கரைக்குக் கிளம்பினான். பாறைச் சரிவில் கால் நின்றுவிட்டது. அவன் கொட்டிய மண்ணில் மட்டும் பச்சைப் புல். கிளறினால் நூல் நூலாகக் குட்டிப் புழுக்கள். குறைந்த ஒன்பதும் அங்கேதான் இருந்திருக்கின்றன.

ஆனாலும் ஆற்றங்கரை வரை போனான்.

"பிள்ளைங்க சௌக்கியமா?" என்று கேட்டது தாய்ப்புழு.

"ஒன்பது கூடு பொரிச்சிருக்கு" என்றான்.

மற்ற தொண்ணூற்றொன்றும் என்ன ஆயிற்று என்று அது கேட்கவில்லை. அவன் தொடக் கை நீட்டியதும் வளைக்குள் சுருங்கிப் போய்விட்டது.

திரும்பும் வழியில் சரிவிலிருந்த மண்ணைப் புழுக்களோடு, ஒரு பிடிகூடச் சலிக்காமல் அள்ளி வந்து தன் நிலத்தில் வைத்தான். நிலம் மெல்ல இளகியது.

அன்று முதல்தான் முட்டைக்கூடுகளைத் தாய்மண்ணோடு, ஈரம் காயாமல் கொண்டுபோகிறார்கள். மண்புழுவோ, மனிதன் கை பட்டால் பேசாமல் உள்ளே போய்விடுகிறது.