வாசலில் விட்ட செருப்பு

வெயிலுமுத்து நாட்டாமையின் செருப்பை ஊரில் எல்லாருக்கும் தெரியும். அடியில் லாடம் அடித்த தோல் செருப்பு. அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே, சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று மாதமாக ஞாயிறுதோறும் பின்பக்க முள்வேலியைத் தாண்டி ஜெபவீட்டுக்கு வந்து போகிறார். வெறுங்காலோடு. செருப்பைத் துண்டில் சுற்றி அக்குளில் வைத்திருப்பார். காலராவில் அவர் கிடந்தபோது சொந்தபந்தம் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர் உபதேசியார் மாசிலாமணி. அன்றைக்குப் பிடித்த பிடி. குருவுக்கு முப்பது வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு, மூட்டுவலியும் உண்டு.

அன்று ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகும் நாட்டாமை போகவில்லை.

"உபதேசியாரே, நாளைக்கு ஊர்க்கூட்டம். எவனோ போட்டுக் குடுத்துட்டான். கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டீரான்னு கேப்பானுவ. ஆமான்னா நாட்டாமை போச்சு. அஞ்சு தலைமுறையா எங்க வீட்டுல இருக்கது."

"ம்."

"மனசுக்குள்ள நம்பினா போதாதா? ஆண்டவருக்குத் தெரியாதா?"

"தெரியும், அண்ணாச்சி."

"பின்ன ஊருக்கு எதுக்குத் தெரியணும்?"

"செருப்பை வாசல்ல விட்டுட்டு வாங்க. சொல்லுதேன்."

நாட்டாமைக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டிப் பார்த்தார். உச்சி வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. ஓடிப்போய் உபதேசியாரின் தேய்ந்த செருப்புக்குப் பக்கத்தில் தம்முடையதை வைத்துவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வெச்சாச்சு. சொல்லும்."

உபதேசியார் பாயைச் சுருட்டினார். விளக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நாட்டாமையின் கண் வாசலை விட்டு நகரவில்லை. எத்தனையோ பேரைக் கூட்டத்தில் நிறுத்தி நடுங்க வைத்தவர், இப்போது ஒரு ஜோடி செருப்புக்குப் பயந்து உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துரட்டுமா?"

"உங்க செருப்பு. உங்க இஷ்டம்."

எழுந்தார். அதற்குள் வாசலில் காலடிச் சத்தம் வந்து நின்றது.

"உபதேசியாரே!" தலையாரி சுடலையின் குரல். அவனுக்குத் தெரிந்தால் தண்டோரா போட்ட மாதிரிதான். "நாட்டாமை ஐயா உள்ளயா இருக்காக?"

நாட்டாமை பின்கதவைப் பார்த்தார். திறந்துதான் கிடந்தது. உபதேசியாரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

அப்புறம் என்ன தோன்றியதோ, முன்வாசலுக்கே போய் நின்றார்.

"நாட்டாமை இல்ல, சுடலை. வெயிலுமுத்து இருக்கேன். வேதத்துல சேந்துட்டேன். போய்ச் சொல்லு."

தலையாரி வாயைப் பிளந்தான். பிறகு ஊருக்குள் ஓடினான்.

வெயிலுமுத்து நிலையைப் பிடித்துக்கொண்டார். கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின.

"சொல்லிட்டேன். ஆனா நடுக்கம் நிக்கலையே, உபதேசியாரே!"

உபதேசியார் வந்து அவர் தோளைப் பிடித்தார். அந்தக் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஊரறியச் சொல்லி எட்டு வருஷமாச்சு, எனக்கே இன்னும் நிக்கல, அண்ணாச்சி. நாளைக்குக் கூட்டத்துக்குச் சேந்தே போவோம்."