சுருட்டி வைத்த நூல்

குளக்கரை வளையில் பூவாத்தா என்ற வெள்ளெலி குடியிருந்தது. அதற்கு ஆறு குட்டிகள். ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை.

அந்தக் காட்டில் கேபிள் தொழில் சுடலை என்ற சிலந்தியின் கையில் இருந்தது. எட்டுக் கையும் அதற்கே சரியாக இருந்தது! மலை ஏரிக்கரை அரசமரத்தில் தொடங்கி, குளக்கரை வரை மரத்துக்கு மரம் நூல் இழுத்திருந்தது. வீட்டுக்கு ஓர் இழை, இழையின் முனையில் ஒரு காலி நத்தைக் கூடு. கூட்டைக் காதில் வைத்தால் குயிலின் பாட்டு கேட்கும், கொக்கின் செய்தி கேட்கும், தவளைகளின் விவாதமும் கேட்கும். விவாதத்தில் எல்லாத் தவளைகளும் ஒரே நேரத்தில் கத்தும். யார் என்ன சொன்னது என்று ஒருவருக்கும் புரியாது. ஆனாலும் ஒருநாள் விடாமல் கேட்பார்கள்.

ஒருநாள் காட்டுக்கு ஒரு நரி வந்தது.

"இன்னுமா நூலைக் கட்டிக்கிட்டு அழுறீங்க? நான் நாணல் குழாய்க்குள்ள மின்மினியை விடுறேன். உங்க வீட்டுச் சுவத்துலயே படம் தெரியும்! தவளையோட தொண்டைக்குழிகூடத் தெரியும்!" என்றது.

"நெசமாவா?" என்று பூவாத்தா வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. குட்டிகளை விட்டு நகர முடியாமல் உள்ளேயே கிடந்து கிடந்து அதற்குச் சலித்துப் போயிருந்தது.

"ஒரே ஒரு நிபந்தனை. பழைய நத்தைக் கூட்டை என்கிட்ட ஒப்படைச்சிடணும்."

பூவாத்தா யோசிக்கவே இல்லை. கூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டது. அன்றைக்கே குழாய் வந்தது, சுவரில் படமும் வந்தது. தவளையின் தொண்டைக்குழி உண்மையிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் நூல்களைச் சரிபார்த்துக்கொண்டு சிலந்தி வந்தது.

"அண்ணே, இனி உங்க நூல் எனக்கு வேண்டாம்! அறுத்து எடுத்துட்டுப் போங்க!" என்றது பூவாத்தா.

சிலந்தியின் முகம் வாடியது. ஆனால் அது சண்டைக்குப் போகவில்லை. அந்த இழையை நிதானமாக வளையம் வளையமாகச் சுருட்டி, வளையின் வாசலில் நீண்டிருந்த ஒரு வேரில் மாட்டியது.

"அறுக்க மாட்டேன் தங்கச்சி. வேண்டாம்னு சொன்ன வீட்டுலயும் சுருட்டித்தான் வைப்பேன். கோவத்துல அறுத்துட்டா, அப்புறம் அவசரத்துக்குக் கட்ட நாலு நாள் ஆகும்."

"எனக்கென்ன அவசரம் வரப்போகுது? வாசல்ல அசிங்கமாத் தொங்குது!"

சிலந்தி அடுத்த மரத்துக்கு நடந்தது.

பத்து நாள் படமாகப் போயிற்று. பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நாணல் குழாய்க்குள் தண்ணீர் இறங்கியது. மின்மினிகள் கிடைத்த ஓட்டை வழியே பறந்துவிட்டன. சுவர் இருண்டது.

வேப்பமரத்தில் நரி ஒரு கிளியை உட்கார வைத்திருந்தது. புகார் கேட்பதுதான் அதன் வேலை.

"படம் வரலை! வெளியில என்ன நடக்குதுன்னே தெரியலை!" என்று பூவாத்தா மரத்தடிக்கு ஓடிப்போய்க் கத்தியது.

"உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம். நீங்கள் வரிசையில் பதினேழாவது. காத்திருக்கவும்!"

"வீட்டுல பச்சைக் குழந்தைங்க இருக்கு!"

"உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம். நீங்கள் வரிசையில் பதினெட்டாவது."

பூவாத்தாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. திரும்பி வளை வாசலுக்கு வந்தபோதுதான் அதைக் கவனித்தது. வேரில் தொங்கிய நூல் சுருள் நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. மழைத்துளியும் அதன் மேல் விழவில்லை. ஆனாலும் நடுங்கியது.

நூலில் செய்தி ஓடுகிறது!

காதில் வைக்க நத்தைக் கூடு இல்லையே! பூவாத்தா சட்டென்று இழையின் முனையைப் பல்லில் கவ்வியது. அறுந்துவிடக் கூடாதே என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டது. பல் வழியே மண்டைக்குள் கொக்கின் குரல் இறங்கியது.

"மலை ஏரிக்கரை உடைகிறது! குளக்கரையில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போங்கள்!"

பூவாத்தாவுக்கு நின்று நடுங்க நேரமில்லை. ஒரு குட்டியைக் கவ்வியது, மேட்டில் இருந்த கரையான் புற்றுக்கு ஓடியது, திரும்பி வந்தது. இரண்டு. மூன்று. நான்காவதைத் தூக்கும்போது வாசலில் தண்ணீர். ஐந்தாவதைத் தூக்கும்போது வயிறு வரை தண்ணீர். ஆறாவதற்காக உள்ளே மூழ்கித்தான் போனது. குட்டியோடு வெளியே வந்தபோது வளை இருந்த இடமே தெரியவில்லை.

புற்றின் உச்சியில் பூவாத்தா குட்டிகளை எண்ணிப் பார்த்தது. ஆறு. நம்பாமல் மறுபடியும் எண்ணியது. ஆறேதான்! அப்படியே சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதது. அழுதுகொண்டே சிரித்தது.

தலைக்கு மேல் நனைந்த நூலில் தொற்றிக்கொண்டு சிலந்தி வந்தது.

"எல்லாரும் வந்தாச்சா தங்கச்சி?"

"வந்தாச்சுண்ணே! நீங்க அன்னைக்கு அறுத்திருந்தா..." பூவாத்தா குட்டிகளை அணைத்துக்கொண்டது. "நான் அப்படிப் பேசினேனே, உங்களுக்குக் கோவமே வரலையா?"

"வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. அதான் கையை வேற வேலைக்கு விடக் கூடாதுன்னு சுருட்டிக்கிட்டே இருந்தேன்."

அப்போது வெள்ளத்தில் ஏதோ வரிசையாக மிதந்து வந்தது. நரி வீடு வீடாக வாங்கிப் பூட்டி வைத்திருந்த நத்தைக் கூடுகள்! பின்னாலேயே ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நரியும் வந்து கரையேறியது. உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

"அண்ணே... வெள்ளம் எப்ப வடியும்னு கொக்கு ஏதாவது சொல்லுதா?" என்று மெல்லக் கேட்டது.

பூவாத்தா நரியை முறைத்தது. சிலந்தியோ மிதந்து வந்த ஒரு கூட்டை எடுத்து, தண்ணீரை உதறி, புதிதாக ஓர் இழையில் கட்டி நரியின் காதருகே நீட்டியது.

"நாளைக்குச் சாயங்காலம் வடிஞ்சிடுமாம். நீங்களே கேளுங்க."

நம்மை வேண்டாம் என்று சொன்னவருக்கும் ஓர் இழையை அறுக்காமல் விட்டுவைப்பதே பெருந்தன்மை.