உரிச்சுப் போட்ட உரம்

எங்க காக்காப்பாறையில ஒரு கல்யாண மண்டபம் இருக்குது. பொன்னாத்தாள் மகால்னு பேரு. அதுக்கு எதுத்தாப்புல பாத்திரமும் சேரும் வாடகைக்கு விடற கடை என்னுது. அதனால அந்த மண்டபத்துல நடக்கற எதுவும் எனக்குத் தெரியாமப் போனதில்ல. தெரியாம இருந்திருந்தா ரத்தக்கொதிப்பாவது கொறஞ்சிருக்கும்.

மண்டபத்துல வேலைக்கு மூணு பேரு. மூத்தவன் ரங்கண்ணன். எதைச் சொன்னாலும் கண்ண மூடி யோசிப்பான். யோசிச்சு முடிச்சு வாயத் தொறந்தா நமக்குக் கண்ணு இருட்டும். அடுத்தவன் அப்பாச்சி. ரங்கண்ணன் சொல்றதுக்கெல்லாம் "அதானே" போடறது அவன் உத்தியோகம். கடைசி ஆளு மசக்காளி, எப்பவும் ஒரு சந்தேகம் கேப்பான். மூணு பேரும் நல்லவனுக. திருட மாட்டானுக, பொய் சொல்ல மாட்டானுக, சொன்ன சொல்ல ஒண்ணு விடாம செய்வானுக. தொந்தரவே அதுதான்.

போன வருசம் ஒரு கல்யாணத்துல, வாசலுக்கு மொதல்ல வர்ற வண்டிக்கு ஆரத்தி எடுக்கச் சொல்லிட்டு மண்டபத்துச் சொந்தக்காரி பொன்னாத்தாக்கா சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. மொதல்ல வந்தது கக்கூஸ் தொட்டி சுத்தம் பண்ற லாரி. சுத்தி நின்னு பயபக்தியா ஆரத்தி எடுத்துட்டானுக. டிரைவரு கண்ணு கலங்கி, தட்டுல காணிக்கை போட்டுட்டுப் போனாரு. அவரு சர்வீசுல அப்படி ஒரு மரியாத கெடைச்சதே இல்லியாம்.

இப்படிப்பட்டவனுகள நம்பித்தான் அக்கா தன் மக கல்யாணத்துல எறங்கினாங்க.

மக பேரு மேகலா. மாப்பிள்ளை கோயமுத்தூரு. பையன் தங்கமானவன், ஆனா அவங்கம்மா தெய்வானையம்மா கொஞ்சம் கறாரு. மண்டபத்து முன்னால இருந்த புல்லத் தன் செருப்பு நுனியில தொட்டுப் பாத்துட்டு, இப்பெல்லாம் வரவேற்பு புல்வெளியிலதான் வெக்கறாங்க, இது மாட்டுக்கே ஆகாது, வைகாசிக்குள்ள பச்சைப்பசேல்னு ஆச்சுன்னா கல்யாணத்த இங்கயே வெச்சுக்கலாம், இல்லைன்னா எங்க ஊர்ல சொந்தக்காரங்க மண்டபம் இருக்குதுன்னு சொல்லிட்டுக் கார் ஏறிட்டாங்க.

அன்னிக்குப் பொன்னாத்தாக்கா என்ற கடையில வந்து உக்காந்தாங்க. புருசன் போனப்பறம் தனியாளா நின்னு கட்டின மண்டபம். அந்தம்மா அழுது நான் பாத்ததில்ல. அன்னிக்குக் கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

"மண்டபம் வெச்சிருக்கறவளே மக கல்யாணத்த அடுத்தவன் மண்டபத்துல பண்ணினா, அப்பறம் எவன் என்ற மண்டபத்துக்கு வருவான், சொல்லுங்க?"

புல்லுக்கு நல்ல உரம் போட்டாப் பச்சை புடிச்சுக்கும்னு மட்டும் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம்.

அக்காவுக்கு நகை பாக்கணும், பட்டு எடுக்கணும், ஊர் ஊரா அலையணும். அதனால மூணு பேரையும் கூப்புட்டு, உரக்கடை சின்னராசுகிட்டப் போங்க, அவரு என்ன சொல்றாரோ அத அப்படியே செய்யுங்கன்னு சொல்லிட்டுக் கெளம்பினாங்க. "அப்படியே"ங்கற வார்த்தையக் கேட்டதும் எனக்கு லாரிக்கு எடுத்த ஆரத்திதான் ஞாபகம் வந்துச்சு.

சின்னராசு பாவம், வெவரமான ஆளு. மூட்டையப் பிரிச்சு ஒரு கை அள்ளிக் காட்டியிருக்காரு. ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையா, மஞ்சளும் பச்சையுமா இருந்துச்சாம். உள்ள இருக்கறது சாதா உரந்தான். விஷயமெல்லாம் மேல இருக்கற ஓட்டுலதான் இருக்குது. சாதா உரத்த அள்ளி விட்டா அத்தனையும் ஒரேயடியா எறங்கிப் புல்லு கருகிப்போகும். இதுல ஈரமும் சூடும் பட்டாத்தான், பச்சக் கொழந்தைக்குப் பாலாடையில ஊட்டற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா வெளிய விடும்னு சொல்லியிருக்காரு. கடைசியா ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுதான் வெனை. ஒருக்காப் போட்டுட்டாப் போதும், மூணு மாசத்துக்கு அதப் பத்தி நெனைக்கவே வேண்டாம்னு.

மூட்டையக் கொண்டாந்து மண்டபத்து நடையில வெச்சு மூணு பேரும் சுத்தி உக்காந்தானுக. நான் கடையில இருந்தே பாத்துக்கிட்டிருந்தேன். ரங்கண்ணன் கண்ண மூடினான்.

"உள்ள இருக்கறது சாதா உரம்னு அவரே சொல்லிட்டாரு. சாதா உரம் விட்டா கருகும்னும் சொல்லிட்டாரு. விஷயமெல்லாம் ஓட்டுலதான்னும் சொல்லிட்டாரு. அப்ப நாம எதப் போடோணும்?"

"ஓட்டத்தான்," அப்படின்னான் அப்பாச்சி. "அதானே."

மசக்காளிக்குச் சந்தேகம். "அப்பறம் எதுக்குங்கண்ணா உள்ள உரத்த வெச்சிருக்கறாங்க?"

"ஓடு நசுங்காம இருக்கறதுக்கு. புதுச் செருப்பு வாங்கினா உள்ள காயிதம் அமுக்கி வெச்சிருக்கறாங்கல்ல? காயிதத்தயா மாட்டிக்கிட்டு நடக்கறோம்?"

மசக்காளி ரங்கண்ணன் அறிவ நெனச்சு அப்படியே நெகிழ்ந்து போயிட்டான்.

மறுநாளு கல்யாணச் சமையலுக்குச் சின்ன வெங்காயம் உரிக்க வர்ற பொம்பளைங்கள வரவழைச்சானுக. கருப்பாத்தாதான் அவங்களுக்குத் தலைவி. அது அரிவாமணையப் போட்டு உக்காந்து ஒரு உருண்டைய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, என்றா இது எலிப் புழுக்க மாதிரி இருக்குதுன்னு கேட்டுச்சு. ஆனா கூலி கூலிதானே. நகத்தால கீறி, கத்தி முனையில நெம்பி, உரிக்க ஆரம்பிச்சாங்க. ரங்கண்ணன் பின்னால கையக் கட்டிக்கிட்டு மேற்பார்வ பாத்தான். இத்தன உரிச்சும் ஒருத்தருக்கும் கண்ணுல தண்ணி வரலீன்னா சரக்கு உசத்தியாத்தான் இருக்கோணும்னு சொல்லிக்கிட்டான்.

எனக்குப் பொறுக்கல. போயி, அட அறிவு கெட்டவனுகளா, உருண்டைய முழுசாப் போடுங்கடான்னேன். ரங்கண்ணன் ரொம்பத் தன்மையாச் சொன்னான், அக்கா உரக்கடைக்காரரு சொல்றதச் செய்யச் சொன்னாங்க, நீங்க பாத்திரக்கடைக்காரருங்க. அக்காவுக்குப் போன் போட்டேன். பட்டுக்கடைக் கூட்டத்துல அவங்களுக்கு ஒண்ணும் கேக்கல. தலையெழுத்துன்னு வந்து உக்காந்துட்டேன்.

உரிச்சு முடிச்சு, மொறத்துல பொடச்சு, ஓட்ட மட்டும் புல்லு மேல பூப் போட்ட மாதிரி தூவினானுக. காத்துல பறந்த ஓட்ட மசக்காளி துண்ட விரிச்சுத் தொரத்திப் புடிச்சான். உள்ள இருந்த வெள்ள உரத்தக் குப்பைன்னு சொல்லிக் கூடை கூடையா அள்ளி, மண்டபத்துக்குப் பின்னால பாத்திரம் கழுவற சாக்கடையில கொட்டினானுக. அந்தத் தண்ணி பின்னால இருக்கற காலி எடத்துல போயிப் பாயும். எச்சல் எலை போடற குழியும் அங்கதான். அந்தப் பக்கம் மூக்கு இருக்கறவன் போக மாட்டான்.

அதோட விட்டிருந்தாலும் பரவால்ல. இனி மூணு மாசத்துக்கு அதப் பத்தி நெனைக்கக் கூடாதுல்ல?

கல்லுல நார் உரிக்கறது சுளுவு. நெனைக்காம இருக்கறது கஷ்டம். வாசல்ல கால் வெச்சா புல்லு கண்ணுல படுது, பட்டா நெனப்பு வருது. அதனால மூணு பேரும் மொகத்த அந்தப்பக்கம் திருப்பிக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்தானுக. நெனச்சவன் தானா ஒத்துக்கிட்டுத் தோப்புக்கரணம் போடோணும்னு ஒரு சட்டம் வேற. அப்பாச்சி டீ குடிக்கற நேரமெல்லாம் போட்டுக்கிட்டே இருந்தான். ஒரு நாளு மசக்காளி, நெனைக்கக் கூடாதுன்னு நெனைக்கறது நெனைக்கறதுல சேருமாண்ணான்னு கேட்டுட்டான். ரங்கண்ணன் கண்ண மூடினவன் சாயங்காலந்தான் தொறந்தான். சேரும்னான். அன்னிக்கு மூணு பேரும் சேந்து போட்டானுக.

தண்ணி விடோணும்னா புல்ல நெனைக்கோணும். அதனால ஓஸ் பைப்பச் சுருட்டி என்ற கடையில கொண்டாந்து வெச்சுட்டானுக. நானாவது விடறேன்னு போனா கையெடுத்துக் கும்புட்டு, நீங்க விட்டா எதுக்கு விடறீங்கன்னு நாங்க நெனைப்பமுங்க, எங்க பாவத்தக் கொட்டிக்காதீங்கன்னானுக. மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திர வெயிலு தீயா எரிஞ்சுது. ஏற்கெனவே மஞ்சளா இருந்த புல்லு தேங்கா நாரு மாதிரி ஆயிருச்சு. கூடவே கலர் கலரா ஓடு.

கல்யாணத்துக்கு முந்தின வாரந்தான் பொன்னாத்தாக்கா வெளியூர் அலைச்சலெல்லாம் முடிச்சு வந்து எறங்கினாங்க. சம்பந்தியம்மா மறுநாளு பாக்க வர்றதாத் தகவலு. அக்கா புல்லப் பாத்தாங்க. கையில இருந்த பட்டுப்பை நழுவி விழுந்துச்சு. மோசம் போயிட்டனேன்னு படியில உக்காந்து அழுதாங்க. மூணு பேரும் மொகத்தத் திருப்பிக்கிட்டே பக்கத்துல நின்னானுக, ஏன்னா மூணு மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருந்துச்சு.

உரத்த என்னடா பண்ணித் தொலச்சீங்கன்னு அக்கா கேட்டாங்க. ஒளிவுமறைவு தெரியாதவனுக, கூட்டிட்டுப் போயிக் காட்டினானுக. நானும் பின்னாலயே போனேன்.

ஆத்தாடி. எலைக்குழிக்கு அந்தப்பக்கம் இருந்த காலி எடம் முழுக்க அருகம்புல்லு மெத்த விரிச்ச மாதிரி கெடந்துச்சு. பங்குனிக் கல்யாணத்துல பாத்திரம் கழுவின தண்ணி, கொட்டின உரத்தக் கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சுக் கொண்டுபோயி ஊட்டியிருக்குது. சின்னராசு சொன்ன பாலாடை வேலைய எங்கூரு சாக்கடை பாத்திருக்குது.

அக்கா அழுகைய நிறுத்தினாங்க. அப்பறம் மறுபடி அழுதாங்க. இது பின்னாலயில்ல இருக்குது, இதுல எப்படி வரவேற்பு வெக்கறதுன்னு.

ரங்கண்ணன் கண்ண மூடினான். "மண்டபத்தத் திருப்பிருவமுங்க."

"அதானே," அப்படின்னான் அப்பாச்சி.

நான் அடிக்கக் கைய ஓங்கிட்டேன். ஆனா அவன் சொன்னதக் கேட்டா ஞாயமாத்தான் இருந்துச்சு. பின்வாசல்ல வாழமரம் கட்டி, வளைவு வெச்சு, பேர்ப்பலகையக் கழட்டி இந்தப்பக்கம் மாட்டிட்டா, இதுதான் முன்வாசலு. ஒருக்கா வந்து புல்ல மட்டும் பாத்துட்டுப் போன சம்பந்தியம்மாவுக்கு எது முன்பக்கம்னு தெரியவா போகுது, காரப் பின்சந்து வழியா வரச் சொல்லிட்டாப் போதும். அக்கா என்னப் பாத்தாங்க, நான் அக்காவப் பாத்தேன். எலைக்குழிய மண்ணு போட்டு மூடிட்டோம்.

தெய்வானையம்மா வந்தாங்க. செருப்பக் கழட்டிட்டுப் புல்லுல நடந்தாங்க. கோயமுத்தூர்லகூட இப்படி ஒரு பச்சை இல்லீங்கன்னு அவங்க வாயாலயே வந்துச்சு. ஏதோ ஒரு வாசம் வருதேன்னு கேட்டப்ப, அப்பாச்சி உள்ளத உள்ளபடி வாழையெலைங்கன்னான். அந்தம்மா வாசல்ல கட்டியிருந்த வாழமரத்தப் பாத்துத் தலையாட்டிக்கிட்டாங்க. கல்யாணம் இங்கயேதான்னு முடிவாச்சு. அக்கா அந்த மூணு பேருக்கும் புது வேட்டி எடுத்துக் குடுத்தாங்க.

வரவேற்பு அன்னிக்குச் சாயங்காலம் ஊரே தெரண்டு மண்டபத்துக்குள்ள வந்துருச்சு. மேகலா மால போட்டுக்கிட்டுப் பின்னால புல்வெளி மேடையில ஏறி நின்னாச்சு. மாப்பிள்ளை ரூம்ல ஏசியப் போட்டுக்கிட்டுக் கோட்டு மாட்டிக்கிட்டிருந்தாரு. அக்கா சமையக்கட்டுக்கு ஓடற அவசரத்துல ரங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனாங்க.

"சனத்த ஒரேயடியாப் புல்லுல விட்டறாதீங்கடா, கெட்டுப்போயிரும். கொஞ்சங்கொஞ்சமா விடுங்க."

மூணு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டானுக. இத எங்கயோ கேட்டிருக்கோமே. ஒரேயடியா விடக் கூடாது, கொஞ்சங்கொஞ்சமா விடோணும். எத வெச்சு? ஈரமும் சூடும்.

நாங்க அத்தன பேரும் உள்ள உக்காந்திருக்கறப்ப ஒவ்வொரு கதவாச் சாத்தினானுக. அப்பறம் காத்தாடிய நிறுத்தினானுக. மண்டபந்தான் ஓடு, நாங்கதான் உரம். மசக்காளி பன்னீர்ச் சொம்ப எடுத்துக்கிட்டு வரிசையாத் தெளிச்சுக்கிட்டே வந்தான். பின்னாலயே அப்பாச்சி நெத்தியத் தொட்டுப் பாத்தான். ஈரமும் சூடும் ஒண்ணாச் சேந்தவங்கள ரங்கண்ணன் கதவ ஒரு ஆளு அளவுக்குத் தொறந்து வெளிய விட்டான். எனக்கு எப்பவுமே வேர்வை ஜாஸ்தி, மொத ஆளா வந்துட்டேன். எனக்கப்பறம் ஊர்த் தலைவரு, போட்டோக்காரரு, கருப்பாத்தா. தெய்வானையம்மா பட்டுச்சேலையோட குளிச்சு எந்திரிச்ச மாதிரி வந்து நின்னாங்க. வந்தவங்க புல்லுல நின்னு மூச்சு வாங்கினாங்களே தவிர, ஒருத்தராவது திரும்பி உள்ள போகத் துணியல.

நேரமாச்சு. மண்டபமே காலியாயிருச்சு. மேகலா மேடையில தனியா நின்னு நின்னு கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. தெய்வானையம்மா, எங்க பையன் எங்கீங்கன்னு கேட்டாங்க. பொன்னாத்தாக்கா பதறிப்போயி ரங்கண்ணன் சட்டையப் புடிச்சாங்க.

"மாப்பிள்ளை எங்கடா?"

ரங்கண்ணன் இடுப்புல இருந்த ரூம் சாவியத் தொட்டுப் பாத்துக்கிட்டான். பதட்டமே இல்ல.

"ரூம்லதானுங்க இருக்கறாரு. நாலஞ்சு தடவ தொட்டுப் பாத்துட்டோம். ஏசியில பன்னீரு தெளிச்ச ஒடனே காஞ்சு போகுது, சூடும் ஏற மாட்டீங்குது. இப்பத் தொறந்தா கருகிருவாருங்க."

"அதானே," அப்படின்னான் அப்பாச்சி.

"டேய், முகூர்த்தம் விடிஞ்சாடா!" அக்கா கத்தினாங்க.

ரங்கண்ணன் மேடையில நின்ன மேகலாவையும், அழுத அக்காவையும் மாறி மாறிப் பாத்தான். பாவமா இருந்துச்சு போல. கிட்டப் போயி, ரொம்ப ஆறுதலாச் சொன்னான்:

"கவலப்படாதீங்கக்கா, சரக்கு உசத்தி. மூணு மாசத்துக்குள்ள முழுசா வெளிய வந்துருவாருங்க. அது வரைக்கும் அவரப் பத்தி நெனைக்கவே வேண்டாமுங்க."