சுண்ணாம்புக்குள் எத்தனை கரண்டி நெருப்பு?

முன்னொரு காலத்தில் கடலோரத்துக் கானூர்ச் சீமையைத் திருமேனிராயன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். கோபம் வந்தால் கேள்வி கேட்பான். பதில் வராவிட்டால் பதவியைப் பிடுங்குவான். மற்றபடி நல்லவன்தான்.

ஒரு மார்கழிக் காலை, வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போய் ராசாவின் நாக்கு வெந்துவிட்டது.

"கிளிஞ்சலை வாயில் போட்டால் சுடுவதில்லை. அதையே சுட்டுச் சுண்ணாம்பாக்கினால் நாக்கைப் பொசுக்குகிறது. காளவாய் நெருப்பு உள்ளே போய் ஒளிந்திருக்கிறது. எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்றான், வார்த்தை குழற.

ஓலை எழுதும் ராயசம் சிங்கண்ணாவுக்குப் தலைமை மந்திரியான பிரதானி குழந்தையப்பரின் ஆசனத்தின் மேல் வெகுநாளாய்க் கண். "மகாராசா, நான் அளக்கிறேன். நான் ஜெயித்தால் பிரதானி ஆசனம் எனக்கு. அவர் தங்களுக்கு வெற்றிலைப் பெட்டி தூக்கட்டும்."

"அவர் ஜெயித்தால் நீ தூக்கு" என்றான் ராசா.

சிங்கண்ணா முற்றத்திலேயே காளவாய் போட்டான். மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெயைப் பானை பானையாகச் சுற்றி வைத்தான். நெருப்பு எரிந்தது, எண்ணெய் முழுக்க உருகியது, ராசாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"உருகினது அத்தனையும் கணக்கு, மகாராசா."

"அது வெளியே வந்த நெருப்பு, ராயசமே. கேட்டது உள்ளே போனதை" என்றார் குழந்தையப்பர்.

சபை சிரித்தது. பிரதானி இரண்டு செம்புகளில் பனங்கள்ளைப் புளிக்கவைத்த காடியை ஊற்றி, உருகாத வேறு இரண்டு பானை எண்ணெய்க்குள் தனித்தனியே புதைத்தார். ஒன்றில் ஒரு பிடி கிளிஞ்சலைப் பொடித்துப் போட்டார். நுரைத்துக் கரைந்தது, அரைக் கரண்டி எண்ணெய் உருகியது. மற்றதில், அதேபோல் ஒரு பிடிக் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. ஆறரைக் கரண்டி உருகியது.

"ஆறரையில் அரையைக் கழித்தால், ஆறு கரண்டி உருக்கும் நெருப்பு, ராசாவே."

"காளவாயைத் தொடாமல் கணக்கா? இது புரட்டு" என்றான் சிங்கண்ணா.

"இரண்டும் கிளிஞ்சலாய்ப் புறப்பட்டன, ஒரே காடித் தண்ணீராய் முடிந்தன. ஒன்று நேர்வழி; மற்றது காளவாய் வழியாகச் சுற்றுவழி. ராசா அரண்மனையிலிருந்து நேரே கடற்கரைக்கு இறங்கினாலும், குன்றேறிப் போய் இறங்கினாலும் கடற்கரை அதே பள்ளத்தில்தான். குன்றிலிருந்து எவ்வளவு கூடுதலாக இறங்கினாரோ, அவ்வளவுதான் ஏறியிருப்பார். சுண்ணாம்பு கூடுதலாகக் கக்கினது ஆறு கரண்டி; காளவாயில் விழுங்கினதும் அதே ஆறுதான்."

ராசா நாக்கு வலியை மறந்துவிட்டான். "நேராக அளக்க முடியாததை இப்படிக் கழித்துப் பார்த்துவிடலாமா?"

"பார்க்கலாம்."

"ராயசத்தின் யோசனையால் எனக்கு என்ன லாபம் என்று ரொம்ப நாளாகச் சந்தேகம். இன்று சபை அவனோடு நடந்தது. நாளை அவன் இல்லாமல் நடக்கட்டும்."

மறுநாள் சபை சீக்கிரமே முடிந்தது. பல வருஷத்துக்குப் பிறகு ராசா சூடான சோறு சாப்பிட்டான். கைகழுவிய கையோடு தன் பட்டுச் சால்வையைக் குழந்தையப்பருக்குப் போர்த்திவிட்டு, வெற்றிலைப் பெட்டியைச் சிங்கண்ணாவிடம் நீட்டினான்.

"கழித்துப் பார்த்துவிட்டேன். இனி எனக்கு மடித்துக் கொடு. சுண்ணாம்பு மட்டும் குறைவாக."