கூரன் கட்டிய புது அறை

மலையடிக் காட்டில், ஒரு நாவல் மரத்தடியில், கூரன் என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது, குழந்தைகளே. தோண்டுவதில் அதை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளே கிடையாது!

அதன் மனைவி முள்ளி இரண்டு குட்டிகளை ஈன்றது. வளையில் இடம் போதவில்லை. உடனே கூரன் பழைய வளையோடு சேர்த்துப் புது அறை ஒன்றைத் தோண்டியது. நடுவில் நாவல் மரத்தின் தடித்த வேர் குறுக்கிட்டது. முள்ளம்பன்றிக்கு வேர் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? கறுக் கறுக்கென்று கடித்துத் தின்றே தீர்த்துவிட்டது. அறை அகலமாக அமைந்தது.

"எல்லாரும் குடும்பத்தோட விருந்துக்கு வந்துடணும்!" என்று காடு முழுக்க அழைத்தும் ஆயிற்று.

விருந்தன்று காலை, புது அறைக்கு மேலே தரையில் நீளமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. கூரன் முகம் தொங்கிப்போய் அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

முதல் ஆளாக வந்து சேர்ந்த நரி அதை எட்டிப் பார்த்தது.

"அட, இதுக்குப் போயா முகத்தைத் தொங்கப்போட்டுட்டு நிக்கிறே? நாலு சருகை அள்ளிப் போட்டு மூடுப்பா! ஊரையே கூப்பிட்டுட்டு விருந்தை நிறுத்தினா உன் மானம் என்ன ஆகும்?" என்றது. அதன் கவலையெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான்.

கூரனும் சருகை அள்ளிவிட்டது. அந்த நேரம் பார்த்து முள்ளி குரல் கொடுத்தது.

"என்னங்க, குட்டிங்களைப் புது அறையில படுக்க வைக்கட்டுமா?"

சருகு அப்படியே கீழே விழுந்தது.

"வேணாம், கொஞ்சம் பொறு!" என்றது கூரன். உதிர்ந்து கிடந்த தன் முள் ஒன்றை எடுத்து, விரிசலின் அகலத்துக்குச் சரியாகக் கடித்து, இரு ஓரத்தையும் மட்டுமட்டாகத் தொடும்படி குறுக்கே வைத்தது. என்ன மூளை பாருங்கள்!

"விரிசல் பெருசானா முள்ளு உள்ளே விழுந்துடும்" என்று முள்ளியிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

உச்சி வெயில் சாய்வதற்குள் முள் உள்ளே விழுந்துவிட்டது. கூரையைத் தாங்கி நின்றதே அந்த வேர்தான் என்பது அப்போதுதான் கூரனுக்கு உறைத்தது. முள்ளியையும் குட்டிகளையும் வெளியே அனுப்பிவிட்டு, முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வாசலில் நின்றது.

யானையும் மான்களும் முயல்களும் வந்தன.

"யாரும் கிட்ட வராதீங்க! அறை இடியப் போகுது. தாங்கி நின்ன வேரைத் தின்னவன் நான்தான். தப்பு என்னோடது!" என்று கூரன் கத்தியது.

"பெரிய தோண்டுற ஆளாம், வெட்கக்கேடு!" என்று நரி விழுந்து விழுந்து சிரித்தது.

கூரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒருவரையும் அருகே விடவில்லை.

திடீரென்று தடாலென்று ஒரு சத்தம்! புது அறை இருந்த இடத்தில் பெரிய பள்ளம் வாயைப் பிளந்தது. மான்கள் தங்கள் குட்டிகளை அணைத்துக்கொண்டன. நரி சிரிப்பை மறந்து பின்னால் தாவியது.

யானை கூரனின் மூக்கை மெல்லத் தடவிக் கொடுத்தது.

"வீட்டைக் காட்டிப் பெருமைப்பட்டவங்களை நிறையப் பார்த்திருக்கேன். வீட்டோட குறையை வாசல்ல நின்னு சொன்னவனை இன்னிக்குத்தான்பா பார்க்கிறேன். நீ நல்லா இருக்கணும்!"

விருந்து வெட்டவெளியில் ஜோராக நடந்தது.

அடுத்த மழைக்கு முன் கூரன் இன்னோர் அறை தோண்டியது. அதன் நடுவிலும் ஒரு வேர் நின்றது. குட்டிகள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி விளையாடின. கூரன் அதில் பல்லே வைக்கவில்லை.

நீதி: மானத்துக்குப் பயந்து தவறை மூடாதே, துணிந்து ஒப்புக்கொண்டால் உயிர்கள் பிழைக்கும்.